அழகுக் குறிப்பு எழுதினால் அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாங்கிப் படித்துவருபவள் நான். கடந்த ஞாயிறன்று வந்த மகளிர் இணைப்பில், வெயிலில் கறுத்த முகம் பளிச்சிட ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து முகத்தில் பூசி, காய்ந்தபின் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதே அதன் சாரம். சாறு எவ்வளவு, சோடா எவ்வளவு, எத்தனை நிமிடம் வைத்திருக்க வேண்டும், யார் பூசிக்கொள்ளக் கூடாது, பூசியபின் வெயிலில் போகலாமா என்று எதுவுமே அதில் சொல்லப்படவில்லை. ‘முற்றிலும் இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது’ என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அந்த வரியைக் கண்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுப் பக்குவங்களைப் பழிப்பவள் அல்ல நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் என்றாலும், இன்றுவரை என் தலைக்கு அரப்பும் சீயக்காயும்தான். பேரப்பிள்ளைகளுக்கு நலங்கு மாவு அரைத்து அனுப்புவதும் என் வேலைதான். ஆனால் பாட்டி வைத்தியம் என்ற பெயரில் இன்று அலைபேசியிலும் அச்சிலும் பரவுகின்றவற்றில் பலவும் எந்தப் பாட்டியும் செய்தறியாதவை. என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, எலுமிச்சையை ஊறுகாய் போட்டார், புளி தீர்ந்துபோன நாளில் பித்தளைக் குடம் துலக்கினார். முகத்தில் தேய்த்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பித்தளையில் படிந்த களிம்பைக் கரைக்கிற சாறு கன்னத்தில் என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

என் தங்கை மகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும் பெண். இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு சித்திரை மாதக் காலையில் பாதி எலுமிச்சம்பழத்தை அப்படியே தோலோடு பிடித்துக் கன்னத்திலும் கழுத்திலும் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துப் பெயருக்கு ஒரு கை தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு, இருசக்கர வண்டியில் கல்லூரிக்குப் போய்விட்டாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை கன்னம் எரியத் தொடங்கியது. அதற்கு அடுத்த நாள் சாறு எந்த வழியே வழிந்து இறங்கியதோ அந்தத் தடம் அப்படியே சிவந்து, கழுத்தில் சிறு சிறு கொப்புளங்கள் கிளம்பின. கொப்புளம் ஒரு வாரத்தில் அடங்கியது. கறுப்புத் தடம் போக ஐந்து மாதமாயிற்று. ஈரோட்டில் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, அவர் கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, “எலுமிச்சம்பழம் தேய்ச்சுட்டு வெயில்ல போனியா கண்ணு?” என்பதுதான். அந்த அளவுக்கு அவருக்குப் பழகிப்போன நோய் அது.

நாம் எலுமிச்சை என்று வாங்கும் சிறு பழத்தின் சாற்றுக்கு, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மதிப்பு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வரை இருக்கும். நலமான தோலின் மேற்பரப்பு ஐந்தை ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். ஆக, தோல் தாங்கிப் பழகியதைப் போல ஏறத்தாழ முந்நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை அமிலத்தை அதன்மேல் ஏற்றுகிறோம். இது ஒருபுறம் இருக்க, பழத்தின் சாற்றிலும், அதைவிட மிகுதியாகத் தோலில் உள்ள எண்ணெயிலும், ஃபியூரோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. இருட்டில் அவை சும்மா கிடக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு தோலின் உயிரணுக்களைத் தாக்கும். அதனால்தான் எரிச்சல் உடனே வராமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வருகிறது. பெண்களும் எலுமிச்சையைச் சந்தேகிக்காமல் வேறு எதையோ நொந்துகொள்கிறார்கள். வெயிலால் வந்த கறுப்பைப் போக்க வெயிலோடு சேர்ந்து கறுப்பை உண்டாக்கும் ஒன்றைப் பரிந்துரைப்பது எவ்வளவு விபரீதம் என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

சமையல் சோடாவின் கதை வேறு. அது காரம், அதன் கரைசலின் பி.எச். எட்டுக்குச் சற்று மேலே நிற்கும். சாற்றையும் சோடாவையும் சேர்த்தால் நுரைத்துப் பொங்குகிறதல்லவா, அந்தப் பொங்கல் இரண்டும் ஒன்றையொன்று தின்றுதீர்க்கும் ஓசை; அதில் தோலுக்கு நன்மை செய்யும் எதுவும் பிறப்பதில்லை. ஒரு சிறு பழத்தின் சாற்றை முழுவதுமாகச் சமன் செய்யக் கால் தேக்கரண்டியை ஒட்டிய அளவு சோடாவே போதும். அதற்குக் குறைந்தால் மிச்சம் அமிலம், கூடினால் மிச்சம் காரம். சரியாக அமைந்துவிட்டாலோ, கிடைப்பது சிட்ரேட் உப்பு கலந்த தண்ணீர். அளவு சொல்லாத ஒரு குறிப்பு வாசகியை இந்த மூன்றில் எதில் கொண்டுபோய்த் தள்ளும் என்பது எழுதியவருக்கே தெரியாது. பிறகு அதை ‘தேய்த்துக் கழுவ’ வேறு சொல்லியிருக்கிறீர்கள். கரையாத சோடாப் பொடி தோலை உராய்ந்து சிராய்க்கும்.

அப்படியானால் எது பழைய முறை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்த பச்சை நிறப் பொடி. சந்தையில் படி போட்டு அளந்து கொடுப்பார்கள். அம்மாயி அதை வெறும் தண்ணீரில் கரைக்க மாட்டார். சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து, அதில் குழைப்பார். அரப்பிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் அழுக்கை எடுப்பது சப்போனின் என்ற ஒரே வகைப் பொருள்தான். அதன் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறு முனை தண்ணீரைப் பற்றும், இழுத்துக்கொண்டு போய்விடும். சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றாலும் சோப்பு காரத்தன்மை உடையது, சீயக்காய்க் கரைசலோ இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகையால் மயிரிழையின் மேல் செதில்கள் விரியாமல் படிந்து கிடக்கின்றன. கஞ்சியின் மாவுச்சத்து இழையைச் சற்றே வழுவழுப்பாக்கிச் சிக்கு விழாமல் காக்கிறது. கண்ணில் பட்டால் உயிர் போகும் என்பது இந்த முறையின் ஒரே பெரிய குறை. சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் அலறினார்கள் என்பதை வைத்தே யார் வீட்டில் எண்ணெய்க் குளியல் என்று சொல்லிவிடலாம். சப்போனின் கண்ணை உறுத்தும் தன்மை உடையது என்பதால் இதைச் சிரிப்பாக விட்டுவிடக் கூடாது. கைக்குழந்தைக்குச் சீயக்காய் தேய்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சீயக்காய்ப் பொடிக்கு நான் கையாளும் அளவு இது: விதை நீக்கிய சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், கொட்டை நீக்கிய பூந்தித் தோல் நூறு கிராம், காய்ந்த செம்பருத்திப் பூவும் ஆவாரம்பூவும் கைக்கு ஒரு பிடி. பூந்தியைக் கூட்டினால் நுரை கூடும், கூடவே தலை வறண்டு போகும். நுரைக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு சீயக்காயை எடுத்து முறித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். ஈரம் தங்கிய பொடியில் பூஞ்சையும் பயற்று வண்டும் தாமாகவே வந்துவிடும். அரைவை மில்லில்தான் மிகவும் கவனம் தேவை. சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போக வேண்டும். ஒருமுறை அவசரத்தில் வேறொரு மில்லில் நலங்கு மாவைக் கொடுத்து அரைத்து வந்தேன். எனக்குமுன் அதே இயந்திரத்தில் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அந்த மாவைப் பூசிக் குளித்த என் மருமகள் குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள் முகமெல்லாம் சிவந்து, மோரை அள்ளி அள்ளிப் பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு கிலோ மாவும் குப்பைக்குப் போனது. அதிலிருந்து, முதலில் இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவை எறிந்துவிட்டுத்தான் நம் சரக்கைப் போடச் சொல்வது.

நலங்கு மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று போகும் பட்டியலில், நாட்டு மருந்துக் கடைக்காரர் கேட்காமலே சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் ஒரு சரக்கு கார்போக அரிசி. கறுப்பாக, சிறு அவரை வடிவில் இருக்கும் விதை. அதிலும் எலுமிச்சையில் உள்ள அதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது. அந்தப் பொருளுக்கு வைத்த ஸோராலென் என்ற பெயரே அந்தச் செடியின் அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோலில் நிறம் திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த விதையைப் பூசி வெயில் காட்டும் முறை நம் நாட்டு மருத்துவத்தில் பன்னெடுங்காலமாக உண்டு. நவீன மருத்துவமும் ஸோராலெனையும் புற ஊதாக் கதிரையும் இணைத்து அதே நோய்க்குச் சிகிச்சை தந்திருக்கிறது. அதாவது, வெயிலோடு சேர்ந்து தோலைக் கறுக்கச் செய்வதற்கென்றே அறியப்பட்ட மருந்து அது. அதை ‘நிறம் வெளுக்க’ என்று முகத்தில் பூசி அரைமணி நேரம் உலரவிட்டு வெயிலில் போகச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உடனே கழுவிவிடும் குளியல் மாவில் சிறிதளவு இருப்பதால் எல்லோருக்கும் கேடு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டு மாவில் அதை நிறுத்திப் பத்து ஆண்டுகளாகின்றன. மாவின் மணமோ குணமோ அதனால் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. கஸ்தூரி மஞ்சளிலும் ஏமாற்று உண்டு. உண்மையான கஸ்தூரி மஞ்சளை அரைத்தால் வெளிறிய நிறத்தில், கற்பூரம் போன்ற மணத்துடன் இருக்கும், தோலில் கறை பிடிக்காது. பளிச்சென்ற மஞ்சளாகக் கடையில் கொடுத்தால் அது வேறு கிழங்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தலை எண்ணெய் காய்ச்சுவதில் பிழை வருவது பெரும்பாலும் அவசரத்தால்தான். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்குக் கால் லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாறு, நசுக்கிய நெல்லிக்காய் ஏழெட்டு, ஒரு பிடி கறிவேப்பிலை என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அடி கனத்த இரும்புச் சட்டியில், சிறு தீயில், நீர் முழுவதும் வற்றும்வரை கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் சடசடவென்று வெடிக்கும், பிறகு நுரை கட்டும், பிறகு சத்தம் அடங்கும். அடியில் தங்கிய வண்டலைக் கரண்டியில் எடுத்து விரலால் உருட்டினால் மெழுகுபோலத் திரளும் பதமும் உண்டு, அதையும் தாண்டி மணல்போல உதிரும் பதமும் உண்டு. சித்த மருத்துவர்கள் இவற்றுக்கு மெழுகுப் பதம், கடுகுப் பதம், மணல் பதம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அம்மாயிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. வண்டலைத் துணித் திரியில் தடவி விளக்கில் காட்டுவார். சடசடக்காமல் எரிந்தால் நீர் இல்லை என்று பொருள், அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தச் சோதனையைச் செய்யாமல் நான் இறக்கி, சூடு ஆறுவதற்குள் புட்டியில் ஊற்றி இறுக மூடியும் வைத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பார்த்தால் புட்டியின் அடியில் வெண்ணிறப் பூஞ்சை, திறந்தால் புளித்த வாடை. வேதியியல் ஆசிரியை வீட்டில் நடந்தது இது.

தேங்காய் எண்ணெயைப் பொறுத்தவரை நம் பாட்டிமார் செய்ததை ஆய்வும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தலைமுடியிலிருந்து புரதம் கழுவப்பட்டுப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் நேரான சிறு மூலக்கூறு என்பதால் மயிரிழைக்குள் நுழைகிறது. கவனியுங்கள், இது இருக்கிற முடி கெடாமல் காப்பதைப் பற்றியது. இல்லாத முடியை முளைக்கச் செய்வதைப் பற்றியது அல்ல. அதேபோல, பொடுகு உள்ளவர்கள் இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தால் நல்லது என்ற எண்ணமும் தவறு. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெயைத் தேக்கி வைப்பது அதற்குச் சோறு போடுவதாகத்தான் முடியும்.

முடி வளர்ச்சி பற்றிய குறிப்புகளில்தான் பொய் மிகவும் துணிந்து நிற்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு இழை உதிர்வது இயல்பு. ‘ஏழே நாளில் இடுப்பளவு’ என்பது கணக்கு தெரிந்தவர் எழுதும் வாக்கியமல்ல. சின்ன வெங்காயச் சாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். புழுவெட்டுக்கு வெங்காயத்தை நசுக்கித் தேய்ப்பது நம் ஊர்களில் உள்ள வழக்கம். 2002இல் பாக்தாதைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு சிறு குழுவில் அதே நோய்க்கு வெங்காயச் சாற்றைச் சோதித்துப் பலன் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். வட்டம் வட்டமாகக் கொட்டும் அந்த ஒரு நோய்க்கான செய்தி, இப்போது எல்லா முடி உதிர்வுக்கும் மருந்தாக மாறிவிட்டது. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவது, இரும்புச்சத்துக் குறைவால் கொட்டுவது, தைராய்டுக் கோளாறால் கொட்டுவது எல்லாம் வேறு வேறு. முதல் இரண்டும் பெரும்பாலும் தாமாகவே நிற்கும். அந்த மாதத்தில் எதைத் தேய்த்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். பின்னிரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். தலையில் வெங்காயம் தேய்த்துக்கொண்டிருந்தால் நோய்க்குத்தான் நாள் கிடைக்கும்.

கற்றாழையைப் பற்றி ஒரே ஒரு செய்தி. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கச் செய்யும். வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு கால் மணி நேரம் சாய்த்து வைத்து, அதை வடியவிட்டுக் கழுவியபிறகே உள்ளே இருக்கும் கூழை எடுக்க வேண்டும். அந்தக் கூழோ, வெந்தயக் கஞ்சியோ, அரிசி ஊறிய நீரோ, தண்ணீர் உள்ள எதுவும் குளிர்பெட்டியிலேகூட நாலைந்து நாளுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பழைய காலத்தில் அன்றன்று அரைத்து அன்றன்றே பூசிக் கழுவினார்கள். கெட்டுப்போகாமல் காக்கும் பொருள் தேவைப்படவில்லை. இன்று அதையே புட்டியில் அடைத்து, ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்காதது’ என்று பெருமையாக ஒட்டி, இரண்டு மாதம் வைத்து விற்கிறார்கள். தண்ணீரும் இருந்து, காப்புப் பொருளும் இல்லையென்றால் புட்டிக்குள் கிருமி இருக்கிறது என்பதுதான் அந்த ஒட்டுத்தாளின் பொருள்.

மருதாணியிலும் இதே கதை. இலையை அரைத்து வைத்தால் முதலில் செம்மஞ்சளாகத்தான் பற்றும், ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாக முற்றும். ஒரு மணி நேரத்தில் மைபோல் கறுப்பாகப் பற்றும் கூம்பு மருதாணியில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா பினைலீன் டைஅமீன் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அது ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் ஆயுளுக்கும் தொடரும். பிற்காலத்தில் நரைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கும். தலைமுடிக்குக் கறுப்பு வேண்டுமென்பவர்களுக்கு அவுரி என்ற சாயச் செடி இருக்கிறது, திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது. மருதாணியைப் பூசிக் கழுவியபின் அவுரியைப் பூச வேண்டும். மருதாணியை இரவெல்லாம் ஊறவைக்கலாம், அவுரியை நீரில் கரைத்தால் காற்றுப் பட்டுச் சாயம் வீணாகத் தொடங்கும் என்பதால் தாமதிக்காமல் பூசிவிட வேண்டும். இதை எந்தக் குறிப்பிலும் எழுதுவதில்லை. பூசியவர்கள் பிடிக்கவில்லை என்று நொந்துகொண்டு மறுபடியும் கடைச் சாயத்துக்கே போகிறார்கள்.

விற்பனை பற்றிச் சொன்னேன். என் சிறு நகரத்திலேயே வீட்டில் குளியல் மாவும் எண்ணெயும் சோப்பும் செய்து விற்கும் பெண்கள் பத்துப் பேரையாவது நான் அறிவேன்; சிலர் என் பழைய மாணவிகள். அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனால் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், உடலைச் சுத்தம் செய்யவோ அழகுபடுத்தவோ தேய்க்கும், ஊற்றும், தூவும், தெளிக்கும் பொருளையெல்லாம் அழகுசாதனம் என்றே கொள்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானங்கள் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். தம் வீட்டுக்கு மட்டும் அரைத்துக்கொள்பவருக்கு இது எதுவும் இல்லை. வழுக்கையில் முடி முளைக்கும், நரை கறுக்கும், நிறம் வெளுக்கும் என்று சொல்லி மருந்து விற்பதையும் மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. அந்த மாணவிகளில் ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, “எனக்கு யாருமே இதைச் சொல்லலைங்க டீச்சர், கலெக்டர் ஆபீஸ் பயிற்சியிலகூட பாக்கெட் டிசைன் பத்தித்தான் சொன்னாங்க” என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சுய உதவிக் குழுக்களுக்குச் சோப்புக் காய்ச்சப் பயிற்சி தருபவர்கள், காஸ்டிக் சோடாவைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும், தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டுமே தவிரச் சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதோடு, உரிமம் எப்படி எடுப்பது என்பதையும் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்களைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அழகுக் குறிப்பு எதை வெளியிட்டாலும் கிராமிலும் தேக்கரண்டியிலும் அளவையும், நிமிடத்தில் நேரத்தையும் எழுதுங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள், கூடுமானால் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தபின் முகத்துக்குப் போகச் சொல்லுங்கள். எலுமிச்சை, கார்போக அரிசி, பட்டை, கிராம்பு, பூண்டு ஆகியவை வரும் குறிப்புகளை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு தோல் மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவிலோ காட்டிக் கேளுங்கள். சமையல் குறிப்பில் உப்பு அளவு தப்பினால் அன்றே திருத்தம் போடுகிற இதழுக்கு இது பெரிய சுமையாக இருக்காது.

கடந்த வாரக் குறிப்புக்குத் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், ஆறாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடாமல், அதே மகளிர் இணைப்பில், அதே இடத்தில், ‘பக்க விளைவு இல்லாதது’ என்று அச்சிட்ட அதே தடித்த எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோடை விடுமுறை தொடங்கப்போகிறது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் பெண்கள் அதற்குள் அதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.